ரோத்தானைக் கீழே வையுங்கள்

சகோதரி, இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் வகுப்பில் உட்காருவதே இல்லை, மாமியார் ரோத்தானை, அதாவது பிரம்பை, எடுக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அடிக்காதீர்கள். சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. என் மகனும் அப்படித்தான். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும். அவனோ ஒரு காலில் மட்டும் காலுறையோடு எறும்பு வரிசையைப் பார்த்து நிற்பான். அது அடங்காமை அல்ல. ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட நிலை) உள்ள பிள்ளைக்குச் சொன்னதை மனத்தில் நிறுத்திச் செய்வதே கடினம். இப்போது அருகில் போய், தோளைத் தொட்டு, "காலுறை" என்று மட்டும் சொல்கிறேன். போட்ட பிறகுதான் "காலணி".

ஆனால் உங்கள் மகனுக்கும் ஏடிஎச்டிதான் என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். அறிகுறிகள் 12 வயதுக்குள் தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிகின்றனவா என்று மருத்துவர் பார்ப்பார். வகுப்பில் அவன் எப்படி இருக்கிறான் என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அரசாங்க கிளினிக்கில் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.