ஏடிவி சக்கர பேரிங்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

கோவைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். தென்னந்தோப்பிலும் மலையடிவார ரிசார்ட்டுகளிலும் ஓடும் ஏடிவி, அதாவது நம் ஆட்கள் சொல்லும் நாலு சக்கர பைக், நிறைய வரும். பேரிங் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

ஏனுங்கண்ணா, முன் இடது சக்கரத்தில் ஊளையிடுகிற மாதிரி சத்தம். டயரா, பேரிங்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறது? (ஆனைமலை)

பட்டன் டயர் தார் ரோட்டில் எப்படியும் உறுமும், அதனால் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது. போயிருந்தால் ராகி திரிக்கும் கல் மாதிரி ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும்.

அப்புறம் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பேரிங்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சஸ்பென்ஷனைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும். ஒருவரை பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுபோனால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட். பிரேக் பிடித்ததும் ஹப்பும் (சக்கரத்தோடு சுற்றும் நடுப்பகுதி) நக்கிளும் (அதைத் தாங்கும், சுற்றாத பகுதி) ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் பேரிங் ஆட்டம் வெளியே தெரியாது. இடம் வலமாகப் பிடித்தால் மட்டும் ஆடுகிறது என்றால், முதலில் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைப் பாருங்கள்.

புது பேரிங் போட்டு மூன்றே மாதம்தான் ஆகிறது, மறுபடியும் ஆட்டம். கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துவிட்டாரா? (பொள்ளாச்சி, தென்னந்தோப்பு)

இருக்கலாம். ஆனால் என்னிடம் இப்படி வந்த வண்டிகளில் கடைக்காரரைவிட நாரும் சுத்தியலும்தான் அதிகம் மாட்டியிருக்கின்றன.

முதலில் நார். போன மாதம் ஒரு தோப்பு வண்டியின் ஹப்பைக் கழற்றினேன். ஆக்ஸிலைச் சுற்றித் தேங்காய் நார், கயிறு திரித்த மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குள் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு ஒன்று வேறு. சக்கரம் சுற்றச் சுற்ற அந்த நார் ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். சீல் போனால் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு அறுந்த சீலையே திரும்பப் போட்டால், மூன்று மாதம் ஓடியதே பெரிசு. பேரிங் வாங்கும்போது சீலையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது சுத்தியல். தொழிலுக்கு வந்த புதிதில் நானே செய்த தப்பு இது. நக்கிளுக்குள் இறுக்கமாக உட்கார்வது பேரிங்கின் வெளி வளையம். நான் உள் வளையத்தில் பைப்பை வைத்து அடித்து இறக்கினேன். அடி முழுக்க இரண்டு வளையத்துக்கும் நடுவே உருளும் குண்டுகள் வழியாகத்தான் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்துவிடும். அந்த வண்டி ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, பேரிங் காசு என் கையிலிருந்து போனது.

இப்போது அடிப்பதே இல்லை. பேரிங்கை முதல்நாள் இரவே பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். நக்கிள் அலுமினியமாக இருந்தால், ரப்பர் பாகங்களையும் பால் ஜாயின்டையும் கழற்றிவிட்டு ஹீட் கன் வைத்துச் சூடாக்குவேன். ஹீட் கன் இல்லாதவர்கள் கொதிக்கிற தண்ணீர் அண்டாவில் போடலாம், வீட்டில் கேட்டுவிட்டு அண்டாவை எடுங்கள். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 52 மி.மீ. துளை ஏறத்தாழ 0.08 மி.மீ. விரியும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பேரிங் கையாலேயே பாதி தூரம் இறங்கிவிடும். மீதிக்குப் பழைய பேரிங்கின் வெளி வளையத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்து மேலே வைத்து அழுத்தலாம். பழையதை வெளியே எடுக்கும் முன், அதைப் பூட்டி வைத்திருக்கும் சர்க்ளிப் வளையத்தைக் கழற்ற மறக்காதீர்கள். சர்க்ளிப்போடு பிரஸ்ஸில் வைத்து நக்கிளையே உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

ஒரே ஹப்பில் இரண்டு பேரிங் இருந்தால் நடுவே குழாய் மாதிரி ஒரு ஸ்பேசர் இருக்கும். அதை விட்டுவிட்டு நட்டை முறுக்கினால் இரண்டு பேரிங்கும் நெருக்கிப் பிடித்துச் சூடேறிச் செத்துவிடும்.

டிராக்டர் டிரெய்லரில் நட்டை இறுக்கினால் ஆட்டம் போய்விடுகிறதே, இதிலும் அப்படிச் செய்யலாமா? (பல்லடம்)

டிரெய்லரில் இருப்பது டேப்பர் ரோலர், அதாவது கூம்பு உருளை வைத்த பேரிங். அதை இறுக்கித் தளர்த்தி சரிபண்ணலாம். ஏடிவியில் பெரும்பாலும் இருப்பது சீல் செய்த பால் பேரிங், அதாவது குண்டு வைத்தது. அதில் ஆட்டம் வந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தினமும் பிரஷர் வாஷ் அடித்துச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை பேரிங் போகிறது. (ஆழியாறு பக்கம் ரிசார்ட்)

அந்தத் தினசரிக் குளியல்தான் காரணம். சவாரி முடிந்து வந்ததும் ஹப் சூடாக இருக்கும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓடையில் இறக்கும்போதும் இதேதான். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருக்கும். வண்டி ஆறட்டும், அப்புறம் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் கன்னை ஹப் பக்கம் நேராகக் காட்டாதீர்கள்.

சீல் பேரிங்குக்குள் கிரீஸ் அடைக்கலாமா? (தாராபுரம்)

புது பேரிங்கில் தேவையில்லை, கம்பெனியில் போட்ட அளவே போதும். ஆயில் சீலின் உதட்டில் மட்டும் லேசாகத் தடவுங்கள்.

கடையில் என்ன சொல்லிக் கேட்பது? (கோபி)

பழைய பேரிங்கின் விளிம்பில் நம்பர் இருக்கும். உதாரணத்துக்கு 6205 என்றால் கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்குங்கள், உள்துளை 25 மி.மீ. வெளி விட்டம் 52, தடிமன் 15. (03-க்கும் அதற்குக் கீழும் இந்தக் கணக்கு ஒத்து வராது, 6203-க்கு 17 மி.மீ.) நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் தகர மூடி, சேற்று வண்டிக்கு அது ஆகாது. ‘நம்பர் அதேதானே’ என்று கடையில் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

அண்ணா, மாணவர்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்டும் பாஹா போட்டிக்கு வண்டி கட்டுகிறோம். ஹப்பில் பேரிங் லூசாக உட்கார்கிறது. சென்டர் பஞ்சால் புள்ளி வைத்தால் பிடிக்குமா? (கோவை, கல்லூரி மாணவர்)

போட்டி மைதானத்தை எட்டும் வரை பிடிக்கும், தம்பி. பேரிங் அந்தப் புள்ளிகளின் முனையில் மட்டும்தான் நிற்கும், இரண்டு குதியில் புள்ளி நசுங்கிவிடும். மயிரிழை அளவு லூஸ் என்றால் ரிட்டெய்னிங் காம்பவுண்ட் என்ற பசையைப் பூசிப் போடலாம். அதற்கு மேல் என்றால் லேத்தில் துளையைப் பெரிதாக்கி புஷ் (உள்ளே பொருத்தும் உலோக வளையம்) அடித்து, சரியான அளவுக்குக் கடைந்து வாங்குங்கள். உங்கள் ஊரில் லேத்துக்கா பஞ்சம்?

தோப்புக்குள்ளேயேதான் ஓட்டுகிறேன். தேங்காய் வெட்டு முடியும் வரை இப்படியே ஓட்டலாமா? (உடுமலை)

வேண்டாமுங்க. ஆட்டம் அதிகமானால் டிஸ்க் பிரேக் பேடைத் தள்ளிவிடும், பிரேக்கைப் பிடித்தால் லிவர் உள்ளே போய்விடும். நக்கிள் துளையும் தேய்ந்துபோனால் பேரிங் விலையோடு நிற்காது. வெட்டு முடிகிற வரைக்கும் காயை மாட்டு வண்டியிலேயே ஏற்றுங்கள்.