பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளின் சான்றிதழ்கள்: கேள்வி பதில்

பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இணையப் படிப்புகள், அவை தரும் சான்றிதழ்கள், கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) மாற்றம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வெளியில் படித்துவிட்டு வருபவர்களின் படிப்பைப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக மதிப்பிடுவது என் வேலை. எனக்குத் தெரிந்த எல்லைக்குள் பதில் சொல்கிறேன்.

வானம்பாடி: அக்கா, கோர்சேரா என்ற இணையப் பாடத் தளத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாடம் ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ரெஸ்யூமில் கல்வித் தகுதி என்ற இடத்தில் ஸ்டான்ஃபோர்டு என்று போடலாமா?

பதில்: கூடாது. பயிற்சிகள் என்று ஒரு தலைப்பு வைத்து, அதன் கீழ் பாடம், நடத்திய பல்கலைக்கழகம், தளம், முடித்த மாதம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கல்வித் தகுதியில் போட்டால் நீங்கள் அங்கே சேர்ந்து படித்தவர் என்று பொருளாகிவிடும். யாராவது விசாரித்தால் அந்தப் பல்கலைக்கழகப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்காது. நீங்கள் உண்மையாக உழைத்துப் படித்ததும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எந்தச் சான்றிதழ் கையில் வந்தாலும் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்: வழங்குவது தளமா, பல்கலைக்கழகமா? கிரெடிட் எண்ணிக்கை இருக்கிறதா? இளநிலை, முதுநிலை என்று எந்த நிலை? தேர்வு எப்படி நடந்தது? எழுதியவர் இவர்தான் என்று யார் உறுதி செய்தார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத தாள், நீங்கள் பாடத்தைப் பார்த்தீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி.

கணக்குப்பிள்ளை: கிரெடிட் கிரெடிட் என்கிறீர்கள். ஒரு கிரெடிட் என்றால் எவ்வளவு படிப்பு?

பதில்: நல்ல கேள்வி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய நாடுகளின் பொதுக் கிரெடிட் முறையான ஈ.சி.டி.எஸ்.இல் முழுநேரப் படிப்பின் ஓராண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வீடியோ பார்ப்பது, வாசிப்பது, பயிற்சி செய்வது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். பிரிட்டனில் ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 120. அதனால் பிரிட்டனின் 2 கிரெடிட்டை ஐரோப்பாவின் ஒன்றாகக் கணக்கு வைப்பார்கள். எண்ணை மட்டும் பார்த்து 20 பெரியது, 10 சிறியது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம்.

இப்போது ஒரு சாதாரண இணையப் பாடத்தை எடுங்கள். வாரம் 3 மணி நேரம், 6 வாரம். மொத்தம் 18 மணி நேரம். ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட்கூடத் தேறாது. அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து ஒரு முழுப் பாடத்துக்கு விலக்குக் கேட்டால் எந்த மதிப்பீட்டாளரும் தர முடியாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2019இல் ஐரோப்பிய இணையப் பாடத் தளங்கள் சேர்ந்து குறுஞ்சான்றிதழுக்கு, அதாவது பட்டத்தைவிடச் சிறிய படிப்புக்கான சான்றிதழுக்கு, ஒரு பொது வரையறை கொண்டுவந்தன: 100 முதல் 150 மணி நேரப் படிப்பு, நம்பகமான அடையாளச் சரிபார்ப்பு, கிரெடிட்டும் நிலையும் குறித்த மதிப்பெண் பட்டியல். உங்கள் படிப்பு அந்த அளவுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

தூரத்துப் பயணி: கூட்டமைப்பு என்றால் எல்லாம் ஒன்றுதானா மேடம்? எடெக்ஸ், எராஸ்மஸ் முண்டஸ், ஓ.ஈ.ஆர்.யு. என்று பல பெயர்கள் கேள்விப்படுகிறேன்.

பதில்: ஒன்றல்ல. மூன்று வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, தளம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012இல் தொடங்கிய எடெக்ஸ், அதே ஆண்டு வந்த கோர்சேரா ஆகியவை. பல பல்கலைக்கழகங்களின் பாடங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் சான்றிதழை அதே தளத்தில் இருக்கும் இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சில திட்டங்கள் விதிவிலக்கு. எம்.ஐ.டி.யின் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸ் (முதுநிலைப் பாடங்கள் சிலவற்றின் இணையத் தொகுப்பு) முடித்தவர்கள், இடம் கிடைத்தால் வளாகத்தில் ஒரு பருவம் மட்டும் படித்து முதுநிலைப் பட்டத்தை முடிக்கலாம். சில வேறு பல்கலைக்கழகங்களும் அதற்குக் கிரெடிட் தருகின்றன.

இரண்டாம் வகை, கிரெடிட் பரிமாற்றத்துக்காகவே சேர்ந்தவை. நியூசிலாந்தின் டனிடினில் 2011இல் உருவான ஓ.ஈ.ஆர்.யு. இந்த எண்ணத்தில் பிறந்தது. பாடங்கள் யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் இருந்தன, படிக்கக் கட்டணம் இல்லை. கிரெடிட் வேண்டும் என்பவர் மட்டும் உறுப்புப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தேர்வுக் கட்டணம் செலுத்தித் தன்னை மதிப்பிடச் சொல்லலாம் என்பதே ஏற்பாடு. கற்பதையும் தேர்வையும் இப்படிப் பிரித்தது அருமையான யோசனை என்பது என் உறுதியான கருத்து. படிக்க ஆசை உள்ளவரைப் பணம் வாசலிலேயே நிறுத்துவதில்லை.

மூன்றாம் வகை, கூட்டுப் பட்டம். எராஸ்மஸ் முண்டஸ் 2004 முதல் நடக்கிறது. மாணவர் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படித்து, கூட்டுப் பட்டமோ பல பட்டங்களோ பெறுகிறார். இது முழுநேர முதுநிலைப் படிப்பு. போட்டி போட்டு இடம் பிடிக்க வேண்டும்.

மல்லி: இலவசமாகச் சான்றிதழ் கிடைக்குமா?

பதில்: எடெக்ஸ் 2015 முடியும் வரை இலவசச் சான்றிதழ் தந்தது, பிறகு நிறுத்திவிட்டது. இன்று பெரும்பாலான தளங்களில் இலவசம் என்பது பாடத்துக்குத்தான். நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் வழி பல தளங்களில் உண்டு. பணம் கட்டும் முன் அதைத் தேடுங்கள்.

நெருஞ்சி: அக்கா, இலவசம் என்றால் யாரும் முடிப்பதில்லை. பணம் கட்டியவர்கள்தான் முடிக்கிறார்கள். அப்படியென்றால் எல்லோரிடமும் வாங்குவதுதானே மாணவருக்கு நல்லது?

பதில்: இதைக் கடுமையாக மறுக்கிறேன். எண்கள் உண்மைதான். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தங்கள் முதல் 17 பாடங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட அறிக்கையில், 8,41,687 பதிவுகளில் 43,196 பேருக்கே சான்றிதழ். சுமார் 5 சதவீதம். பிந்தைய ஆய்வில், 2017-18இல் பணம் கட்டி அடையாளம் சரிபார்க்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் முடித்தார்கள். ஆனால் பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் எண்ணம் இருந்ததால் கட்டினார்களா? 2014இல் இன்னொரு ஆய்வு, சேரும்போதே முடிக்க நினைத்தவர்களைத் தனியாகப் பார்த்தது. அவர்களில் 22 சதவீதம் பேர் சான்றிதழ் பெற்றார்கள்; எட்டிப் பார்க்க வந்தவர்களில் 6 சதவீதம். எண்ணம்தான் பெரிய வேறுபாடு.

நெருஞ்சி: அந்த 22கூடக் குறைவுதானே? நூறில் எழுபத்தெட்டு பேர் விட்டுவிட்டார்கள்.

பதில்: முடிக்காதவர் எல்லாம் தோற்றவர் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். முதல் அறிக்கையிலேயே, பாடத்தில் பாதியோ அதற்கு மேலோ படித்தும் சான்றிதழ் பெறாதவர்கள் 35,937 பேர். தேவையான அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் போன பொறியாளரும், பாடத்திட்டத்தைப் பார்க்க வந்த ஆசிரியரும் அதில் இருக்கலாம். வாசலில் கட்டணம் வைத்தால் அவர்கள் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள்.

இரவுப்பணி: நான் நெருஞ்சி பக்கம். பணம் கட்டினால் பயம் வரும், பயம் வந்தால் படிப்போம்.

பதில்: உங்களுக்கு அது உதவுகிறது என்றால் தாராளமாகக் கட்டுங்கள். கட்ட முடியாதவருக்கும் அதே விதி என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

செங்கல்: இந்தச் சான்றிதழை நான் சேரப்போகும் பல்கலைக்கழகம் ஏற்குமா?

பதில்: அவர்களைக் கேளுங்கள். பணம் கட்டும் முன், மின்னஞ்சலில், பாடத்தின் பெயரும் கிரெடிட்டும் குறிப்பிட்டு. தொலைபேசியில் ஒருவர் சரி என்று சொன்னது நாளை செல்லாது.

தாழம்பூ: என் சான்றிதழ் செல்லுமா அக்கா?

பதில்: மேலே செங்கலுக்குச் சொன்னதேதான். உங்கள் சான்றிதழைப் பார்க்காமல் நானும் சொல்ல முடியாது, வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

குயில்: ஏற்க மறுத்தால் கேட்க உரிமை உண்டா?

பதில்: சில நாடுகளில் உண்டு. உயர்கல்வித் தகுதிகளை ஏற்பது பற்றிய 1997இன் லிஸ்பன் உடன்படிக்கைப்படி, மறுக்க வேண்டுமானால் இரு படிப்புகளுக்கும் கணிசமான வேறுபாடு இருப்பதை மறுப்பவரே காட்ட வேண்டும். இதே பொருளில் யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இணையவழிப் படிப்பையும் ஒரு பகுதி மட்டும் முடித்த படிப்பையும் அது கணக்கில் எடுக்கிறது. ஏற்று உறுதி செய்த நாடுகளுக்கு மட்டுமே இவை பொருந்தும். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்தால் பல நேரம் கூடுதல் ஆவணம் ஒன்றைக் கொடுத்தே சரிசெய்துவிடலாம்.

பனித்துளி: வேலை அனுபவத்தை வைத்து மூன்று வாரத்தில் பட்டம் தருகிறோம் என்று ஒரு சர்வதேசப் பல்கலைக்கழகம் எழுதியிருக்கிறது.

பதில்: போகாதீர்கள். அனுபவத்தை உண்மையாக மதிப்பிடும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அவை உங்களிடம் வேலைத் தொகுப்பு கேட்கும், நேர்காணல் செய்யும், பெரும்பாலும் சில பாடங்களுக்கே விலக்குத் தரும். எதையும் சோதிக்காமல் முழுப் பட்டமும் தருகிறவர் தாளைத்தான் விற்கிறார். அங்கீகாரம் உண்டு என்று அவர்கள் காட்டும் அமைப்பும் போலியாக இருக்கலாம். அந்த நாட்டு அரசின் பட்டியலில் நீங்களே தேடுங்கள்.

வானம்பாடி: விசாவுக்கு இந்தச் சான்றிதழ் உதவுமா?

பதில்: என் துறை இல்லை. தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள்.

மல்லி: தளமே மூடிவிட்டால் சான்றிதழ் என்ன ஆகும்?

பதில்: இந்தக் கவலை நியாயமானது. எடெக்ஸ் 2021இல் 80 கோடி டாலருக்கு 2யு நிறுவனத்திடம் போனது, அந்த நிறுவனம் 2024 ஜூலையில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஃப்யூச்சர்லேர்ன் என்ற பிரிட்டிஷ் தளமும் 2022இல் கை மாறியது. சரிபார்ப்பு இணைப்பு வேலை செய்யாத சான்றிதழை மதிப்பிடுவது எங்களுக்குப் பெரும் சிரமம். அதனால் முடித்த அன்றே சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் இறக்கி வையுங்கள். அதைவிட முக்கியமாக, பாடத்திட்டப் பக்கத்தையும் சேமியுங்கள்: வாரவாரியான தலைப்புகள், படிப்பு நேரம், தேர்வு முறை. மதிப்பீட்டாளர் கேட்பது அதைத்தான், பாடம் புதுப்பிக்கப்பட்டதும் முதலில் மறைந்துபோவதும் அதுதான். கிரெடிட் தந்தது பல்கலைக்கழகம் என்றால், அதன் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அதிகாரபூர்வமான பட்டியல் ஒன்றையும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.