லிஃப்டை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டீர்களா?

கேள்வி – பதில்

போன இதழில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் அடுக்குமாடி வீடு வாங்கிய கதையை நாலு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை மொத்தமாகப் பிடித்துக்கொண்டன. சமையல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, வீட்டு விளம்பர இணையதளமான ஃபுண்டாவில் 4,20,000 யூரோ என்று போட்டிருக்கும் வீட்டுக்கு 4,40,000 வரை கேட்டால்தான் கிடைக்கும் என்கிறார் எங்கள் ஏஜென்ட். வங்கி முழுப் பணமும் கடனாகத் தரும் என்கிறார்கள். அப்படியானால் கையில் பணமே வேண்டாமா?
– வாசகர், வெல்ட்ஹோவன்

வேண்டும், நன்றாகவே வேண்டும். வங்கி 100 சதவீதம் தருவது உண்மைதான், ஆனால் அது வீட்டின் மதிப்புக்குத்தான், நீங்கள் கேட்ட விலைக்கு இல்லை. மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு இது 4,25,000தான் பெறும் என்று எழுதிவிட்டால், மீதி 15,000 உங்கள் சட்டைப்பையிலிருந்து போக வேண்டும். விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் கே.கே. என்று இரண்டு எழுத்து இருக்கும் பாருங்கள், 'கோஸ்டன் கோப்பர்', அதாவது செலவெல்லாம் வாங்குபவர் தலையில். அதில் பெரியது நம்மூர் முத்திரைத்தாள் கட்டணம் போன்ற வரி: சொந்தமாகக் குடியிருக்க வாங்கினால் 2 சதவீதம், 4,40,000க்கு 8,800 யூரோ. அப்புறம் நோட்டாரிஸ் (பத்திரம் எழுதிப் பதிவு செய்பவர்), மதிப்பீடு, கடன் ஆலோசகர், உங்கள் தரப்பு ஏஜென்ட் எல்லாம் சேர்த்துக் குத்துமதிப்பாக இன்னொரு 8,000 வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் ஏறக்குறைய 32,000 யூரோ ரொக்கமாக இருந்தால்தான் அந்த 4,40,000ஐ வாயில் சொல்லலாம்.

உங்களுக்கு 35 வயது ஆகவில்லை, இந்தச் சலுகையை இதற்கு முன் எடுத்ததில்லை, வீடும் 2026 கணக்குப்படி 5,55,000 யூரோவுக்குள் என்றால் அந்த 2 சதவீத வரி பூஜ்யம். கணவன் மனைவி சேர்ந்து வாங்கி, ஒருவர் மட்டும் 35ஐத் தாண்டியிருந்தால் அவர் பங்குக்கு மட்டும் வரி. இதில் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. கணக்கில் வருவது நோட்டாரிஸ் முன் வீடு கைமாறும் நாளில் உங்கள் வயது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளின் வயது இல்லை. மார்ச்சில் 35 முடிகிறதென்றால் சாவி வாங்கும் தேதியை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்து ஆயிரக்கணக்கில் கட்டாதீர்கள்.

எவ்வளவு கேட்பது என்பதற்கு என்னிடம் சூத்திரம் எதுவும் இல்லை. மற்றவர் என்ன கேட்டார் என்று தெரியாமல், மூடிய கவரில் சீட்டுப் போடுகிற மாதிரிதான். 2023 முதல் ஏஜென்ட் சங்கங்களின் உறுப்பினர்கள் வந்த கேட்புகளைப் பதிவேட்டில் ஏற்றி, விற்பனை முடிந்ததும் கேட்டவர்களுக்குக் காட்ட வேண்டும். தோற்ற பிறகு பார்த்து என்ன பயன் என்று நினைக்காதீர்கள், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்போது அதுதான் பாடம். நகராட்சி மதிப்பான வோஸ் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் அது முந்தைய வருஷம் ஜனவரி 1ஆம் தேதி மதிப்பு, அதை வைத்துப் பேரம் பேசினால் ஏஜென்ட் சிரிப்பார்.

மாதாமாதம் கட்டட உரிமையாளர் சங்கத்துக்கு 60 யூரோதான் என்று ஒரு வீடு வருகிறது. இன்னொன்றில் 190 யூரோ. விலை கிட்டத்தட்ட ஒன்றே. முதலாவதை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?
– வாசகி, ஐந்தோவன், வூன்சல்

நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இங்கே அடுக்குமாடியில் வீடு வாங்கினால் சட்டப்படி நீங்கள் வாங்குவது மொத்தக் கட்டடத்தில் ஒரு பங்கும், அந்த நாலு சுவருக்குள் நீங்கள் மட்டும் இருந்துகொள்ளும் உரிமையும். கூரை, லிஃப்ட், படிக்கட்டு, கழிவுக்குழாய் எல்லாம் எல்லோருக்கும் பொது. பத்திரம் பதிவான நிமிஷமே வே.வே.ஏ. எனப்படும் உரிமையாளர் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர், சேர மாட்டேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. சென்னை ஃப்ளாட்டில் மெயின்டனன்ஸ் கட்டாமல் இழுத்தடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் உண்டு, ஆனால் இங்கே விற்றுவிட்டுப் போகிறவரின் பாக்கி நடப்பு வருஷத்துக்கும் அதற்கு முந்தைய வருஷத்துக்கும் உங்கள் தலையிலும் விழும். அதனால்தான் நோட்டாரிஸ் சங்கத்திடம் பாக்கிக் கணக்கு எழுதி வாங்குவார்.

2018இல் வந்த சட்டப்படி குடியிருப்புக் கட்டடச் சங்கம் ஒவ்வொன்றும் பெரிய பழுதுகளுக்கென்று வருஷாவருஷம் பணம் ஒதுக்க வேண்டும். ஒன்று, நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம் போட்டு அதன்படி ஒதுக்கலாம். இல்லையென்றால் கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் குறைந்தது 0.5 சதவீதம். 24 வீடுள்ள ஒரு கட்டடத்தைத் திரும்பக் கட்ட 60 லட்சம் யூரோ ஆகும் என்று வையுங்கள். அதில் அரை சதவீதம் 30,000. வீட்டுக்கு வருஷம் 1,250, மாதம் 104 யூரோ. இது சேமிப்புக்கு மட்டும். இதற்கு மேல் கட்டடக் காப்பீடு, படிக்கட்டு விளக்கு, துடைப்பவர், லிஃப்ட் சர்வீஸ். அப்படியிருக்க உங்கள் 60 யூரோ கட்டடத்தில் யார் எதைச் சேர்த்துவைக்கிறார்கள்? பராமரிப்புத் திட்டத்தின்படியே குறைவாக வரும் சின்னக் கட்டடங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் திட்டத்தைக் கண்ணால் பாருங்கள் என்கிறேன்.

நான் முதலில் ஆசைப்பட்டதும் வூன்சலில்தான், அறுபதுகளில் கட்டிய கட்டடம், ஆறாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் மரத்தலைகள். சமையலறை புதுசு. மாதம் 75 யூரோ. கடைசி மூன்று கூட்டங்களின் குறிப்பை அனுப்பச் சொல்லி வாங்கி, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முதல் வருஷம்: லிஃப்ட் மாற்றுவது பற்றிப் பேசப்பட்டது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இரண்டாம் வருஷம்: லிஃப்ட், போதிய உறுப்பினர்கள் வராததால் முடிவில்லை. மூன்றாம் வருஷம்: லிஃப்ட் கம்பெனி இனி உதிரிபாகம் கிடைக்காது என்று கடிதம் எழுதியிருக்கிறது, உறுப்பினர்களிடம் ஒருமுறை வசூல் செய்வது பற்றி யோசிக்கப்படும். அந்த 'ஒருமுறை வசூல்' வருவதற்கு முன் வீட்டை விற்றுவிட வேண்டும் என்பதற்காகத்தான் சமையலறை புதுசாகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என் சந்தேக புத்தி, தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்கு விலை கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

வெளியே நீளமாக நடைபாதை ஓடும் பழைய கட்டடமாக இருந்தால், அந்தக் காங்கிரீட் நடைபாதையைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2011இல் லேவார்டன் நகரில் அப்படி ஒரு கட்டடத்தின் நடைபாதைப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நல்லவேளை யார்மீதும் விழவில்லை. அதற்கப்புறம் அந்த வகைக் கட்டடங்களைச் சோதித்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது.

ஆக, 190 யூரோ வீட்டின் கணக்கையும் வாங்குங்கள். வங்கியில் நல்ல தொகை இருந்து, கூரையும் சமீபத்தில் போட்டிருந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன்.

போனில் "வீடு உங்களுக்குத்தான், வாழ்த்துகள்" என்றார்கள். மூன்று நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கேஸ் போடலாமா?
– வாசகர், ஹெல்மொண்ட்

ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டீர்களா? வருத்தம்தான், ஆனால் கேஸ் நிற்காது. குடியிருக்க வீடு வாங்கும் தனிநபருக்கு எழுத்தில் ஒப்பந்தம் வந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வியாபாரம். வாய்ப்பேச்சு செல்லாது. அதே சட்டத்தில் உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு, கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள், காரணமே சொல்லாமல் விலகலாம். அதில் குறைந்தது இரண்டு வேலைநாளாவது இருக்க வேண்டும். விற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை.

மூன்று நாள் போன பிறகு விலகினால் வழக்கமாக விலையில் 10 சதவீதம் அபராதம். அதனால் "கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து" என்ற நிபந்தனையை, தேதியோடு, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். போட்டியில் ஜெயிக்க அதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அபராதம் அவர் கட்டப்போவதில்லை.

என் ரெசிடன்ஸ் பர்மிட்டும் வேலை ஒப்பந்தமும் தற்காலிகம். கடன் கிடைக்குமா?
– வாசகர், டில்பர்க்

எல்லா வங்கியும் தராது, சில வங்கிகள் தரும். உங்கள் கம்பெனி, ஒப்பந்தம் முடிந்ததும் நிரந்தரமாக்கும் எண்ணம் இருக்கிறது என்று ஒரு கடிதம் கொடுத்தால் கதவு பாதி திறந்துவிடும். வெளிநாட்டவர்களுக்கு நிறையச் செய்த கடன் ஆலோசகராகப் பாருங்கள்.

மகன் ஐந்தோவனில் இன்ஜினீயர். வீடு வாங்கப்போகிறேன் என்கிறான். இங்கே இருக்கும் இரண்டு ஏக்கரை விற்று அனுப்பலாமா என்று இவர் கேட்கிறார். எனக்கு மனசு வரவில்லை.
– ஒரு தாய், தஞ்சாவூர்

வேண்டாம் அம்மா. முதல் பதிலைப் படித்தால் தெரியும், உங்கள் மகனுக்குக் கையில் தேவைப்படுவது வீட்டு விலையில் சின்னப் பங்குதான். இரண்டு வருஷச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கினால் அவரே சேர்த்துவிடுவார். கொஞ்சம் உதவத்தான் வேண்டும் என்றால் சேமிப்பிலிருந்து அனுப்புங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கும், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கொடுப்பவர் நெதர்லாந்தில் குடியிருப்பவர் இல்லை என்பதால் உங்கள் அன்பளிப்புக்கு அங்கே வரி கிடையாது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள வங்கியும் நோட்டாரிஸும் துருவித் துருவிக் கேட்பார்கள், பாஸ்புக் நகலையும் ஒரு கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள். நிலம் நிலமாக இருக்கட்டும்.

வாசல் கிழக்கு பார்த்த ஃப்ளாட்டாக வேண்டும். எப்படித் தேடுவது?
– வாசகர், ஐந்தோவன்

விளம்பரத்தில் வாசல் திசை போட மாட்டார்கள், பால்கனி திசைதான் போடுவார்கள். டச்சுக்காரர்களுக்கு வெயில் சாயங்காலம் வரை விழும் தெற்கு, மேற்குப் பால்கனிதான் வாஸ்து. நடைபாதை வகைக் கட்டடத்தில் வாசல் பெரும்பாலும் பால்கனிக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும், அதனால் மேற்குப் பால்கனியைத் தேடினால் கிழக்கு வாசல் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வீட்டின்மேல் கண், விலை ஏறத்தான் செய்யும்.

நம் சமையலுக்கு நல்ல மோட்டார் வைத்த சிம்னி மாட்டலாமா?
– வாசகி, வெல்ட்ஹோவன்

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை வாங்கிய பின் கேட்கிறீர்கள். பல கட்டடங்களில் எல்லா வீட்டுச் சமையலறை, குளியலறை, கழிவறைக் காற்றையும் கூரையில் இருக்கும் ஒரே மின்விசிறி பொதுக்குழாய் வழியாக இழுக்கும். அதில் உங்கள் மோட்டார் சிம்னியை மாட்டினால் அது காற்றை எதிர்த்துத் தள்ளும், நீங்கள் கருவாடு வறுத்தால் மேல் வீட்டுக்காரர் குளியலறையில் வாசம் வரும். சங்கம் அனுமதிக்காது. கரி வடிகட்டி வைத்து, காற்றை உள்ளேயே சுற்றவிடும் சிம்னிதான் வழி. வாசம் முழுசாகப் போகாது, பால்கனிக் கதவைத் திறந்து வையுங்கள். கிரைண்டருக்கு அடியில் தடியான ரப்பர் பாய் போடுங்கள், அதிகாலையில் போடாதீர்கள்.

சாவி வாங்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், ஐந்தோவன்

அன்று காலை நோட்டாரிஸிடம் போவதற்கு முன் ஏஜென்டோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவீர்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து, ஃபிளஷ் அடித்து, ஹீட்டரைப் போட்டுப் பார்த்து, மின்சாரம், தண்ணீர், எரிவாயு மீட்டர்களைப் போட்டோ எடுங்கள். ஒப்பந்தத்தோடு வந்த பொருள் பட்டியல் கையில் இருக்கட்டும். எது இருக்கும், எதை எடுத்துப்போவார்கள் என்று ஒவ்வொரு பொருளுக்கும் அதில் டிக் அடித்திருப்பார்கள். இங்கே தரையையே பெயர்த்துக்கொண்டு போவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பார்க்கப் போனபோது ஓக் மர நிறத்தில் பளபளத்த ஹால், சாவி வாங்கும் அன்று வெறும் சிமென்ட். விளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஒயர். பட்டியலை எடுத்துப் பார்த்தேன், 'லாமினேட் – எடுத்துச் செல்லப்படும்' என்று சரியாகத்தான் டிக் இருந்தது, கீழே என் கையெழுத்து.

நோட்டாரிஸ் பத்திரத்தை டச்சில்தான் வாசிப்பார். உங்களுக்கு டச்சு தெரியாது என்றால் மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சொல்வார், அந்தச் செலவும் உங்களுடையது, முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். புதுத் தரை போடும் முன் சங்க விதியில் சத்தத் தடுப்புக்கு எத்தனை டெசிபெல் என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற அடிவிரிப்பை வாங்குங்கள். பல இடங்களில் 10 என்று இருக்கும். நான் முதலில் மலிவானதை வாங்கி, திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கினேன். அதுவரை மூன்று வாரம் சிமென்ட் தரையில் கோரைப்பாய் விரித்துப் படுத்திருந்தோம்.