சில்பெரிக்கும் அவன் குடும்பமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்க் அரசர்களைப் பற்றிய உங்கள் குறிப்பில், தூர் நகரத்து ஆயர் கிரிகோரி அவர்களில் ஒருவனான சில்பெரிக்கை ‘நம் காலத்து நீரோ, ஏரோது’ என்று திட்டியதைச் சொல்லிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டீர்கள். தேடிப் படித்தால் மனைவியைக் கொல்லச் சொன்னவன், பெற்ற பிள்ளைகளைக் காவு கொடுத்தவன் என்றெல்லாம் வருகிறது. ஆனால் பெரும்பாலும் எல்லாமே அந்த ஒரே ஆயர் எழுதியது. வேண்டாதவர் எழுதி வைத்ததை நம்பி ஒருவனை அரக்கன் என்று முடிவுகட்டலாமா?

கே.

அன்புள்ள கே,

நியாயமான கேள்வி. கிரிகோரி நடுநிலையானவர் இல்லை. 573இல் அவரை ஆயராக்கியது சில்பெரிக்கின் அண்ணன் சிகிபெர்ட். 575இல் சிகிபெர்ட் கொலையானதும் தூர் சில்பெரிக் கைக்குப் போனது, அவன் சாகும்வரை அவனுக்குக் கீழேதான் இவர் காலம் தள்ள வேண்டியிருந்தது. 580இல் சில்பெரிக்கின் ராணி பிரெடெகுண்டைப் பற்றி அவதூறு பேசினார் என்று இவர்மேலேயே விசாரணை வந்து, சத்தியம் செய்து தப்பித்தார். அதனால் சில்பெரிக்கின் லத்தீன் கவிதைகளில் யாப்பே நிற்கவில்லை என்று அவர் கேலி செய்வதையெல்லாம் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். லத்தீன் நெடுங்கணக்கில் நாலு புது எழுத்துகளைச் சேர்த்து, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள், பழைய புத்தகங்களைச் சுரண்டித் திருத்தி எழுதுங்கள் என்று ஊர் ஊராகக் கடிதம் அனுப்பிய ராஜா அவன். எனக்கு அந்த ஆளைக் கொஞ்சம் பிடிக்கவே செய்கிறது.

ஆனால் அவன் மனைவி கால்ஸ்வின்தா விஷயத்தில் அவனைக் காப்பாற்ற முடியாது. சிகிபெர்ட், ஸ்பெயினை ஆண்ட விசிகோத் இனத்து இளவரசி புருன்ஹில்டைக் கட்டினான். உடனே இவனும் அவளுடைய அக்கா கால்ஸ்வின்தாவைப் பெண் கேட்டு, மற்ற மனைவியரை விலக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்து, போர்தோ, லிமோஜ், காவோர் உட்பட ஐந்து நகரங்களை அவளுக்கு எழுதி வைத்தான். கொஞ்ச காலத்தில் அவள் கழுத்து நெரிபட்டுப் படுக்கையில் கிடந்தாள், சில நாளில் பிரெடெகுண்ட் ராணியானாள். கொலைக்குச் சாட்சி கிரிகோரி மட்டும்தான், சரி. ஆனால் 587இல் ஆந்தலோ என்ற ஊரில் பிராங்க் அரசர்கள் போட்ட ஒப்பந்தத்தின் வாசகத்தை அவர் தன் நூலில் அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறார். கால்ஸ்வின்தாவின் அந்த ஐந்து நகரங்களும், சில்பெரிக் உயிரோடிருந்தபோதே, அவனுடைய இன்னொரு அண்ணன் குந்த்ரமும் பிராங்குகளும் சொன்ன தீர்ப்புப்படி தங்கை புருன்ஹில்டுக்குச் சேர்ந்தன என்கிறது அது. ஒன்றும் நடக்காமலா அப்படி ஒரு தீர்ப்பு வரும்?

அப்புறம், அந்தக் குடும்பத்தின் பாகப்பிரிவினை. சில்பெரிக்கின் அப்பா க்ளோத்தாருக்கு இங்குண்ட் மனைவி. என் தங்கை அரெகுண்டுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை பாருங்கள் என்று அவள் கேட்கப்போக, என்னைவிட நல்லவன் கிடைக்கவில்லை என்று அவரே தங்கையையும் கட்டிக்கொண்டார். அந்தத் தங்கையின் மகன்தான் சில்பெரிக். சிகிபெர்ட், குந்த்ரம், சாரிபெர்ட் மூவரும் இவனுக்கு அண்ணன்மார், அம்மா வழியில் பெரியம்மா பிள்ளைகளும் கூட. (1959இல் பாரிஸை அடுத்த சாந்தெனியில் ஒரு கல்லறையில் கிடைத்த மோதிரத்தில் அர்னெகுண்டிஸ் என்ற பெயர் இருந்தது, அது இந்த அம்மாதான் என்பது பலருடைய கருத்து.) 561இல் அப்பா இறந்ததும் இவன் முதலில் போய் கஜானாவைப் பிடித்துக்கொண்டு பாரிஸில் உட்கார்ந்தான், மற்ற மூவரும் சேர்ந்து விரட்டிவிட்டு நாட்டை நாலாகப் பங்கு போட்டார்கள். தாய் யாராக இருந்தாலும் ராஜாவின் ஆண்பிள்ளைக்குப் பங்கு உண்டு. ஒருத்தி பெற்ற பிள்ளை உயிரோடிருந்தால் இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பங்கு குறையும்.

இதை வைத்துக்கொண்டு மூத்த மனைவி ஆடோவெராவின் பிள்ளைகளைப் பாருங்கள். தியூடெபெர்ட் போரில் செத்தான். மெரோவெக், பெரியப்பா சிகிபெர்ட்டின் விதவை புருன்ஹில்டையே 576இல் ரூவான் நகரில் கல்யாணம் செய்துகொண்டான். அப்பா பிரித்துவைத்து முடியை மழித்துத் துறவியாக்கினான், தப்பி ஓடி வளைக்கப்பட்டபோது தன்னைக் கொன்றுவிடும்படி வேலைக்காரனிடம் சொன்னான். 580இல் வயிற்றுக்கடுப்பு நோய் பரவி பிரெடெகுண்டின் இரண்டு மகன்கள் போனார்கள். ஏழைகளின் கண்ணீர்தான் நம் பிள்ளைகளைக் கொல்கிறது என்று அழுது அவள் வரிப் பதிவேடுகளை நெருப்பில் போட்டாள், புருஷனையும் போட வைத்தாள். அதே பிரெடெகுண்ட் கொஞ்ச நாளில், ஆடோவெராவின் கடைசி மகன் க்ளோவிஸ் செய்வினை வைத்துத்தான் பிள்ளைகள் செத்தார்கள் என்று பிடிக்க வைத்தாள். அவன் கத்திக்குத்துப்பட்டுச் செத்தான், தற்கொலை என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆடோவெராவையும் கொன்றார்கள், மகள் பாசினா பொவாத்தியே மடத்துக்குப் போனாள். அப்பன் அழவில்லை என்கிறார் கிரிகோரி. அது எவ்வளவு உண்மையோ, ஆனால் யாரையும் தண்டித்ததாகவும் இல்லை.

584இல் ஷேல் என்ற ஊரில், வேட்டை முடிந்து குதிரையிலிருந்து இறங்கும்போது அவனைக் குத்திக் கொன்றார்கள். மிஞ்சியது பிரெடெகுண்டின் நாலு மாதக் கைக்குழந்தை க்ளோத்தார் (தாத்தாவின் அதே பெயர்). இது என் தம்பி பிள்ளைதானா என்று குந்த்ரமுக்கே சந்தேகம் வந்து, மூன்று ஆயர்களும் முந்நூறு பெரிய மனிதர்களும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைதான் 613இல் மொத்த பிராங்க் நாட்டுக்கும் ஒரே ராஜா.

வேண்டாதவர் கட்டிய கதை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையென்றால், கிரிகோரியைவிட இந்த க்ளோத்தாரைப் பாருங்கள். கிழவியாகிவிட்ட புருன்ஹில்டைப் பிடித்துக் குதிரையில் கட்டி இழுத்துக் கொல்வதற்குமுன், பத்து ராஜாக்களின் சாவுக்கு நீதான் காரணம் என்று ஒரு பட்டியல் வாசித்தான். அதில் அவன் அப்பா சில்பெரிக் இருக்கிறான், மெரோவெக் இருக்கிறான், அவளுடைய சொந்தப் புருஷன் சிகிபெர்ட்டும் இருக்கிறான். சிகிபெர்ட்டைக் கொல்ல ஆள் ஏவியவள் என்று கிரிகோரி சொல்வது பிரெடெகுண்டை, அதாவது இந்த க்ளோத்தாரின் அம்மாவை.