தோழியின் வலைப்பூவுக்கு ஆள் வரலைன்னு கேட்டவருக்கு

வணக்கம்ங்க. ரெண்டு வருஷமா சமையல் பதிவு எழுதுற தோழிக்காக எல்லா குழுவுலயும் சுட்டி போட்டும் பத்துப் பேர் தாண்டலைன்னு எழுதியிருந்தீங்க.

'அருமையான வலைப்பூ, படியுங்கள்'னு போட்டா யாரும் சொடுக்க மாட்டாங்க. நானே மாட்டேன். ஒரே ஒரு பதிவை எடுங்க. கருவாட்டுக் குழம்புப் பதிவுல புது மண்சட்டியில கஞ்சித் தண்ணி ஊத்திப் பழக்குறதைச் சொல்லியிருக்காங்கன்னீங்களே, அந்த ரெண்டு வரியை அப்படியே போட்டு, கீழே சுட்டி கொடுங்க. அந்தக் காலத்துல வலைச்சரம்ங்கிற வலைப்பூவுல வாரம் ஒருத்தர் ஆசிரியரா இருந்து மத்தவங்க பதிவுகளை அறிமுகம் செய்வாங்க. வெறும் பெயர்ப் பட்டியலா வந்தா நான் தாண்டிப் போயிடுவேன். ஏன் படிக்கணும்னு ஒரு வரி இருந்தாதான் உள்ளே போவேன்.

அடுத்து அந்தப் பதிவோட தலைப்பு. 'ஒரு மழைநாளில்'னு கூகுள்ல யார் தேடுவா? 'புது மண்சட்டியைப் பழக்குவது எப்படி'ன்னு மாத்தச் சொல்லுங்க. பதிவோட முகவரியில மட்டும் கை வைக்க வேண்டாம், பழைய சுட்டியெல்லாம் செத்துடும். கூகுளோட சர்ச் கன்சோல்ங்கிற கருவியில சைட்மேப், அதாவது வலைப்பூவோட பக்க முகவரிப் பட்டியல், சேர்த்தாச்சான்னும் பாருங்க, அதுக்குக் காசு கிடையாது.

பின்னூட்டத்துல 'சூப்பர்' வேண்டாமே. செஞ்சு பார்த்துட்டு, புளி தூக்கலாப் போச்சு, என்ன பண்ணலாம்னு கேளுங்க. அடுத்து வர்றவங்களும் நின்னு பேசுவாங்க.