சோழரை 'சி'யில் தேடுங்கள்

கேள்வி: சோழர் காலக் கோயில் நிர்வாகம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அமெரிக்க நூலகங்களின் இணையப் பட்டியலில் தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒன்றும் வருவதில்லை. ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தில் தேடினாலோ ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது. என்ன செய்வது?
- ஆய்வு மாணவி, கும்பகோணம்

பதில்: நூல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எழுத்துக்கூட்டல்தான் இடிக்கிறது. காங்கிரஸ் நூலகம், சிகாகோ பல்கலைக்கழக நூலகம் போன்றவை தமிழை ஒலிப்படி எழுதுவதில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றுகின்றன. 'க' எங்கே வந்தாலும் 'கே'தான், 'ஜி' கிடையாது. 'ச'வுக்கு 'எஸ்' அல்ல, 'சி'. 'ட', 'த' இரண்டுக்கும் டேபிளில் வரும் 'டி'. 'ப'வுக்கு பேப்பரில் வரும் 'பி'. 'ழ'வுக்கு வெறும் 'எல்', 'இசட்-எச்' வேண்டாம். நெடில் கோடுகளையும் புள்ளிகளையும் விட்டுவிடலாம். ஆக, சோழர் என்பது 'சி-ஓ-எல்-ஏ-ஆர்'.

சந்தியிலும் கவனம் வேண்டும். சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' நூலில் முதல் சொல்லின் கடைசியில் உள்ள 'ச்' அப்படியே ஒரு 'சி'யாக ஒட்டியிருக்கும்: 'பி-ஐ-ஆர்-கே-ஏ-எல்-ஏ-சி'. அந்த 'சி' விடுபட்டால் நூலும் விடுபடும். வரலாறு, வரலாற்று, வரலாற்றில் எல்லாம் ஒரே வலையில் சிக்க, 'வி-ஏ-ஆர்-ஏ-எல்-ஏ-ஆர்' வரை அடித்து நட்சத்திரக் குறி போடுங்கள்.

ஆசிரியர் பெயரைவிடத் தலைப்பையே நம்புங்கள். நீலகண்ட சாஸ்திரி போல ஆங்கிலத்தில் எழுதியவர்களின் பெயர் அவர்கள் பயன்படுத்திய கூட்டலிலேயே பதிவாகியிருக்கும்.

ஜேஸ்டோர் கட்டுரை முழுவதையும் துழாவுகிறது. அடிக்குறிப்பில் சோழர் ஒருமுறை வந்தாலும் கணக்குதான். 'சோழா' (சி-எச்-ஓ-எல்-ஏ), 'கோலா' (சி-ஓ-எல்-ஏ) என இரு கூட்டல்களையும் இடையில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (ஓ-ஆர்) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வெளியே 'அண்ட்' போட்டு 'இன்ஸ்கிரிப்ஷன்' சேருங்கள். கோலாவை மட்டும் அடித்தால் குளிர்பானக் கட்டுரைகளும் வந்து விழும். 'அண்ட்', 'ஆர்' இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அடைப்புக்குறியை விடவே கூடாது: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் வேறு தளங்களில், ஸ்கோபஸ் 'ஆர்' பகுதியை முதலில் கணக்கிடும், வெப் ஆஃப் சயன்ஸ் 'அண்ட்' பகுதியை. ஒரே தேடல் வரிக்கு இரண்டிலும் வேறு வேறு முடிவு வரும்.

இன்னும் குறைக்க, 'சோழா டெம்பிள்' என்பதை இரட்டை மேற்கோளில் போட்டு, ஒட்டினாற்போல அலைக்குறியும் (~) 10-உம் இடுங்கள். இரு சொல்லும் பத்துச் சொற்களுக்குள் வரும் கட்டுரைகளே மிஞ்சும்.

ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசி 3 முதல் 5 ஆண்டுகள் இருக்காது. அவற்றை அந்தந்த இதழின் தளத்திலேயே தேடுங்கள்.