கதிரை லண்டனில், குடும்பம் எடின்பரோவில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைச் சுற்றியவை. உதைபந்தாட்ட சீசன் டிக்கெட் (பருவம் முழுக்கச் சொந்த மைதான லீக் ஆட்டங்களுக்கு ஒரே கதிரை), ஆனால் ஆள் வேறு ஊரில். முதல் கடிதம்தான் பெரியது, பதிலும் அதற்கே நீளம்.

கேள்வி: வணக்கம் அண்ணா. லண்டனில் ஒரு பிரிமியர் லீக் கழகத்தின் சீசன் டிக்கெட் பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறது. அதற்கு முன் ஆறு வருடம் காத்திருப்புப் பட்டியலில் கிடந்தேன். மனைவிக்கு எடின்பரோவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததால் ஹாரோ வீட்டை விட்டு, பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டோம். இந்தப் பருவத்தில் இதுவரை ஐந்து ஆட்டத்துக்குத்தான் போனேன். முடிவதற்குள் ஏழு ஆகலாம். டிக்கெட் 760 பவுண். "கதிரைக்கு வாடகை கட்டுறீங்களோ?" என்று மனைவி கேட்கிறா. போகாத நாட்களில் நண்பன் ஒருவனுக்கு போன் பாஸை அனுப்பி 40 பவுண் வாங்கிக்கொள்கிறேன், லாபம் ஒரு சதமும் வைப்பதில்லை. பக்கத்துக் கதிரைக் கிழவர் ஒவ்வொரு இடைவேளைக்கும் எனக்கு ஒரு மின்ட் தருவார். போனமுறை, "இனி வரமாட்டாய் என்று நினைத்தேன்" என்றார். அன்றிலிருந்து மனம் சரியில்லை. விடுவதா, வைத்திருப்பதா? கழகத்தின் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். — எடின்பரோ வாசகர்

பதில்: பெயரைப் போடவில்லை தம்பி. 2025-26 பருவத்தில் பிரிமியர் லீக்கில் லண்டன் கழகங்களே ஏழு. வாசகர்கள் ஊகித்துக்கொண்டு இருக்கட்டும்.

மின்டுக்கு முன்னால் அந்த நாற்பது பவுணைப் பேசுவோம். அதை இன்றோடு நிறுத்துங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உதைபந்தாட்ட டிக்கெட்டுக்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், 166ஆவது பிரிவு. ஆட்டத்தை நடத்துபவரின் எழுத்துமூல அனுமதி இல்லாதவர் டிக்கெட்டை விற்பது குற்றம், "வேறு விதமாகக் கைமாற்றுவதும்" குற்றம். லாபம் வைத்தீர்களா என்ற கேள்வியே அங்கு எழாது. அச்சிட்ட விலைக்குக் கொடுத்தாலும் விற்பனை விற்பனைதான். இசை நிகழ்ச்சி டிக்கெட்டை நண்பனுக்குக் கொடுப்பதுபோல என்று பலர் நினைக்கிறார்கள். இது அப்படி இல்லை. இரு அணி ரசிகர்களும் ஒரே பகுதியில் கலந்துவிடாமல் பிரித்து வைப்பதற்காக வந்த சட்டம் இது. பொலிஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கழகம் கண்டுபிடித்தால் பதினொரு வருடக் கதிரை ஒரே மின்னஞ்சலில் போய்விடும். ஒரே பாஸ் வேறு வேறு போன்களில் திறப்பதை அவர்களுடைய கணினி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

நேர்வழி இரண்டு உண்டு. ஒன்று, கழகத்தின் செயலியிலேயே உங்கள் நண்பரைச் சேர்த்து, அந்த ஆட்டத்தை அவர் பெயருக்கு அனுப்புவது. அனுமதி கழகத்துடையது என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் காசு கைமாறலாமா, வருடத்துக்கு எத்தனை முறை அனுப்பலாம் என்பதைக் கழக விதியில் வடிவாக வாசியுங்கள். மற்றது, கழகம் நடத்தும் மறுவிற்பனை. போக முடியாத ஆட்டத்தை அங்கே போட்டால், வேறு ஒருவர் வாங்கினால் மட்டும் உங்கள் பங்கு திரும்பும். வாங்க ஆள் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. சில இடங்களில் அது காசாக வராமல் அடுத்த வருடப் புதுப்பித்தலில் கழிவாகத்தான் வரும்.

இனி மனைவியின் கேள்வி. அது சரியான கேள்வி. சொந்த மைதானத்தில் லீக் ஆட்டம் 19. எனவே 760 என்பது ஆட்டத்துக்கு 40. ஏழுக்கு மட்டும் போனால் ஆட்டத்துக்கு 108 பவுணுக்கு மேல். மீதி 12இல் எட்டை மறுவிற்பனையில் கொடுத்தீர்கள் என்று வையுங்கள், 320 திரும்பும், கைச்செலவு 440. டிக்கெட்டை விட்டுவிட்டு உறுப்பினர் அட்டையை 40 பவுணுக்கு எடுத்து, ஏழு ஆட்டத்தைத் தனித்தனியே 60 பவுண்படி வாங்கினால் 460. ஏறக்குறைய ஒன்றேதான். மூன்று மட்டும் விலைபோனால் கைச்செலவு 640, வித்தியாசம் 180. உங்கள் மனைவி சொன்ன கதிரை வாடகை அந்த 180தான். அறுபது பவுண் என்பது என் உத்தேசம், உங்கள் கழகத்தின் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள். தனி டிக்கெட் கிடைக்குமா என்ற உத்தரவாதம் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இடத்தில் பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள். நீங்கள் மூட வேண்டாம், ஏனென்றால் இருக்கும் இடம் எடின்பரோ.

ஹாரோவில் இருந்தபோது சொந்த மைதானம் பக்கம், வெளியூர் ஆட்டம் தூரம். இப்போது பாதி தலைகீழ். எடின்பரோவிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். 2025-26இல் சண்டர்லாந்தும் லீட்ஸும் கீழ்ப்பிரிவிலிருந்து பிரிமியர் லீக்குக்கு ஏறிவந்ததில் வடக்கே போகக்கூடிய ஆட்டங்கள் கூடியிருக்கின்றன. மான்செஸ்டர், லிவர்பூல் இரண்டும் லண்டனை விடக் கிட்ட. வெளியூர் ரசிகருக்கான டிக்கெட் 2016-17 பருவத்திலிருந்து 30 பவுணுக்கு மேல் போகக்கூடாது என்று பிரிமியர் லீக் கழகங்களே உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் மூவாயிரம் இடம்தான் ஒதுக்கீடு, சிறிய மைதானம் என்றால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. அந்த மூவாயிரத்துக்கு யார் முதலில் வரிசையில் நிற்பது? சீசன் டிக்கெட்காரர், அதிலும் ஆட்டங்களுக்குப் போய்ச் சேர்த்த விசுவாசப் புள்ளி கூடுதலாக உள்ளவர். டிக்கெட்டை விட்டால் அந்த வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். ஆகவே நீங்கள் கட்டும் அந்த வாடகையில் ஒரு பகுதி லண்டன் கதிரைக்கு, இன்னொரு பகுதி நியூகாசிலில் ஒரு கதிரைக்கு. (அங்கே வெளியூர் ரசிகர் பகுதி உச்சி அடுக்கில். பதினான்கு அடுக்குப் படி ஏற வேண்டும். முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.)

என் அபிப்பிராயம்: இன்னும் ஒரு பருவம் வைத்திருங்கள். லண்டனில் ஏழு, வடக்கே நான்கைந்து, மீதியெல்லாம் கழகத்தின் மறுவிற்பனையில். சித்திரை, வைகாசியில் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும்போது மறுவிற்பனையில் எத்தனை விலைபோனது என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். ஒன்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரிய கழகங்கள் பலவற்றில் வருடத்துக்கு இத்தனை ஆட்டமாவது கதிரை பயன்பட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. சில கழகங்கள் மறுவிற்பனைக்குப் போட்டதையும் பயன்பாடாக எண்ணும், சிலவற்றில் நீங்களே நேரில் வந்த ஆட்டம்தான் கணக்கு. ஏழு போதாது என்று உங்கள் கழக விதி சொன்னால், மேலே நான் எழுதிய கணக்கெல்லாம் வீண்.

அடுத்தது ரயில். நானும் ஒருமுறை இதில் அடிபட்டவன். மலிவான முன்பதிவு டிக்கெட் சுமார் 12 வாரத்துக்கு முன் திறக்கும். திறந்த அன்றே சனிக்கிழமைக்கு எடுத்து, பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் ஆட்டத்தைத் திங்கள் இரவு எட்டு மணிக்குத் தள்ளிவிட்டார்கள். எந்த ஆட்டத்தை எப்போது காட்டுவது என்ற தொலைக்காட்சித் தெரிவு மாதம் மாதமாகத்தான் வெளியாகும், பெரும்பாலும் ஐந்தாறு வாரம் முன்னால். ஆட்டத் திகதி மாறலாம் என்று கழகம் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. ரயில்காரரும் தவறு செய்யவில்லை. ஆகவே யாரிடமும் நட்டஈடு கேட்க முடியாது. முன்பதிவு டிக்கெட்டில் காசு திரும்பாது, ஆனால் திகதியை மாற்றலாம். கட்டணம் 10 பவுண்வரை, அதோடு விலை வித்தியாசம். பயணத்துக்கு முந்திய நாள் மாலைக்கு முன்னரே மாற்றிவிடுங்கள். தெரிவு வெளியான பிறகு வாங்குவதே நல்லது. அதுவரை பொறுக்க முடியாதென்றால் போகும் வழிக்கு மட்டும் எடுங்கள்.

லண்டன்–எடின்பரோ இரவு ரயில் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். சனி இரவு அது ஓடுவதில்லை! மற்ற ஆறு இரவும் ஓடும். திங்கள் எட்டு மணி ஆட்டம் முடிந்து யூஸ்டன் நிலையத்துக்கு ஓடினால் காலையில் எடின்பரோவில் இறங்கலாம். அறை வேண்டாம், கதிரை மட்டும் எடுத்தால் விலை குறைவு. சனி மாலை ஐந்தரை ஆட்டம் ஏழரைக்குத்தான் முடியும். அதற்குப் பிறகு வடக்கே ரயில் உண்டா என்று பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். இல்லையென்றால் விக்டோரியாவிலிருந்து ஒன்பது மணித்தியால பஸ், அல்லது ஹாரோவில் யாராவது உறவினர் வீட்டுச் சோபா. பல மைதானங்களில் ஏ4 தாளை விடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள். மாற்றுடுப்போடு வரும் ஆள் கிங்ஸ் குரொஸ் நிலையத்திலேயே பையை ஒப்படைத்துவிட்டுப் போவது புத்தி. வாசலில் நின்று வாதாடி வெல்ல முடியாது.

ரயில் தாமதமானால் காசைக் கேட்டு வாங்குங்கள். கம்பனியைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத்திலிருந்து தாமத நட்டஈடு உண்டு. அரை மணி தாமதத்தில் முதல் பாதி போனதை நினைத்துத் துக்கப்படும் ஆட்கள் இந்த விண்ணப்பத்தை நிரப்பாமல் விடுவதுதான் எனக்கு விளங்குவதில்லை.

கிழவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு வரமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள்.

கேள்வி: நான் போன வருடம் டொராண்டோவுக்கு வந்துவிட்டேன். லண்டன் சீசன் டிக்கெட் தானாகவே புதுப்பிக்கப்பட்டு, தவணைக் காசு மாதம் மாதம் வங்கியிலிருந்து போகிறது. மச்சான்தான் போய்ப் பார்க்கிறான். வங்கியில் நேரடிப் பற்றை (டைரக்ட் டெபிட்) நிறுத்திவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்தானே?

பதில்: முடியாது. வங்கிப் பற்றை நிறுத்துவது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. சீசன் டிக்கெட் தவணை பல இடங்களில் கழகத்துக்கே நேரே போவதில்லை. நடுவில் ஒரு கடன் நிறுவனம் நின்று, கழகத்துக்கு முழுக்காசையும் கொடுத்துவிட்டு, உங்களிடம் வட்டியோடு மாதாமாதம் வாங்குகிறது. பற்றை நிறுத்தினால் அது கட்டாத கடன். உங்கள் இங்கிலாந்துக் கடன் பதிவில் கறை விழும். நாளைக்குத் திரும்பிவந்து வீட்டுக்கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். கடன் ஒப்பந்தத்திலிருந்து 14 நாளுக்குள் விலகலாம் என்பது உண்மை. ஆனால் அப்படி விலகினால் முழுக்காசையும் 30 நாளுக்குள் கட்ட வேண்டும். டிக்கெட்டுக்கோ அந்த 14 நாள் உரிமையே கிடையாது. குறித்த திகதியில் நடக்கும் பொழுதுபோக்குக்கு அது விதிவிலக்கு.

ஆகவே இந்தப் பருவத்துத் தவணையைக் கட்டி முடியுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை இப்போதே கழகத்துக்கு எழுதி நிறுத்துங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டில் இருக்கும் காலத்துக்கு டிக்கெட்டை இடைநிறுத்தி வைக்க முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள், கேட்பதில் நட்டமில்லை. மச்சான் போவதைக் கழகச் செயலி வழியாகச் செய்யுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை அவனிடம் கொடுத்து அவன் நீங்களாகப் போவது, மேலே எடின்பரோத் தம்பிக்குச் சொன்ன அதே குழி. கழகம் தவறான முடிவு எடுத்தது என்றால் முதலில் அவர்களுக்கு எழுத்தில் முறையிடுங்கள், அதற்குப் பிறகுதான் சுயாதீன உதைபந்தாட்டக் குறைதீர் அதிகாரி. அவருடைய முடிவு கழகத்தைச் சட்டப்படி கட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால் நீங்கள்தான் அதிர்ஷ்டசாலி. சனி பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை இங்கே நேரலையில் காட்டக்கூடாது. இரண்டே முக்கால் முதல் ஐந்தே காலுக்குள் நேரலை இல்லை என்ற தடை 1960களிலிருந்து இருக்கிறது, கீழ்ப்பிரிவு மைதானங்களுக்கு ஆள் குறையாமல் இருக்க. பருவத்துக்கு 380 ஆட்டத்தில் 267ஐத்தான் இங்கே நேரலையில் காட்ட ஒப்பந்தம். எடின்பரோத் தம்பி 3 மணி ஆட்டத்தை வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நீங்கள் காலை 10 மணித் தேநீரோடு டொராண்டோவில் நேரலையில் பார்க்கலாம்.

கேள்வி: மகனுக்குப் பிள்ளைகள் விலையில் சீசன் டிக்கெட். இப்போது பர்மிங்ஹாமில் விடுதியில் இருக்கிறான். அவனுடைய இடத்தில் நான் போகலாமா?

பதில்: அப்படியே போனால் வாசல் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். சிறுவர் டிக்கெட்டுக்கு வேறு நிற விளக்கு எரியும் மைதானங்கள் இருக்கின்றன. ஆட்டத்துக்கு முன் பெரியவர் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டினால், அந்த ஒரு நாளுக்குத் தரம் உயர்த்தித் தருவார்கள். டிக்கெட் அலுவலகத்துக்கு முதல் நாளே போன் பண்ணிவிடுங்கள். ஆட்டத்தன்று அங்கே நிற்கும் வரிசை சும்மா வரிசை இல்லை.